விகடச் சித்திரம் பழகுவோருக்குச் சில வார்த்தைகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நமக்கு அறிமுகமான அம்மையார் ஒருவர், ஒரு கையில் தம்முடைய குமாரனையும் மற்றொரு கையில் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றையும் பிடித்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார். பையனுக்குப் பதின்மூன்று வயது. அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். நோட்டுப் புத்தகம் மாத்திரம் உள்ளே வந்தது.

"இதைக் கொஞ்சம் பாருங்கள், ஸார். கணக்கு நோட்டில் பாதி, விஞ்ஞான நோட்டில் பாதி என்று இருந்தது போய், இப்போது இதற்கென்றே தனி நோட்டு ஆகிவிட்டது. பொம்மை, பொம்மை, எங்கே பார்த்தாலும் பொம்மை! இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? இல்லையென்றால் இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

"நீங்கள் சொன்னால் கேட்பான்" என்ற அந்தக் கடைசி வார்த்தை நம்மைச் சற்றுத் திடுக்கிட வைத்தது. ஏனென்றால், முன்பு ஒரு பையன் நம்முடைய சொல்லைக் கேட்டிருக்கிறான்.

பதினெட்டு வருஷங்களுக்கு முன்பு நடந்த சங்கதி அது. நாம் உபாத்தியாயத் தொழிலுக்குப் புதிது. ஒன்பதாம் வகுப்பில் புணர்ச்சி விதிகளை விளக்கிக்கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சியில் அடக்கிய சிரிப்பு எழுந்தது. போய்ப் பார்த்தால், ஒரு பையனுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாமே நின்றுகொண்டிருந்தோம்! மொத்தம் பத்துப் பன்னிரண்டு கோடுகள் இருக்கலாம். மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடி. சுருட்டைப் பிடிப்பதுபோல் சுண்ணக்கட்டியைப் பிடித்த விரல்கள். இடது புறம் சரிந்த தோள். நாம் அந்தத் தாளைக் கிழித்து, வகுப்பறிய நான்காக்கிக் குப்பைக் கூடையில் போட்டோம். "இந்த வித்தை சோறு போடாது" என்று ஒரு வாக்கியமும் சொன்னோம். அதற்குப் பிறகு அந்தப் பையனுடைய நோட்டுக்களின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன. அதை ஒழுங்கின் வெற்றி என்று எண்ணி நாம் மகிழ்ந்தோம்.

சில வருஷங்கள் கழித்து, பள்ளிக்கூட விழா ஒன்றில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தோம். நம்முடைய இடது தோள் சரிந்துதான் இருந்தது. அதுவரையில் வீட்டிலோ வெளியிலோ யாரும் அதை நமக்குச் சொன்னதில்லை, நமக்கும் தெரியாது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மாத்திரம் அதைக் கண்டிருந்தான். கண்டதைக் கோட்டிலும் கொண்டு வந்திருந்தான். நாம் கிழித்துப் போட்டது அந்தப் பார்வையைத்தான்.

ஆகையால் இந்தத் தடவை நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் நிதானமாகப் பார்த்தோம். அதிலிருந்து தோன்றிய யோசனைகளை, வீட்டில் படம் போடும் குழந்தைகளை உடைய எல்லா நேயர்களுக்கும் பயன்படக் கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

கை எங்கே?

அறுபது பக்கங்களிலும் ஏறக்குறைய ஒரே முகம். ஜப்பானியச் சித்திரக் கதைகளிலும் அசையும் படங்களிலும் வருகிற முகம் அது. தட்டுப் போன்ற கண்கள், முள் முள்ளாக நிற்கும் தலைமயிர், கூரிய மோவாய். எல்லா முகங்களும் இடது பக்கமே திரும்பியிருந்தன. எல்லா உருவங்களும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டோ, சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டோ நின்றன.

"தம்பி, இவர்கள் எல்லோரும் ஏன் கையைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்?" என்று கேட்டோம்.

பையன் முதல் தடவையாகச் சிரித்தான். "எனக்குக் கை வராது, ஸார்" என்றான்.

பழகுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருடைய நிலைமை இதுதான். வருவதைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வராததைப் பைக்குள் ஒளித்து வைக்கிறோம். வலது கையால் எழுதுகிறவர்களுக்கு இடது பக்கம் பார்க்கும் முகம் சுலபமாக வரும். ஆகவே ஊரில் உள்ள அத்தனை பேரும் இடது பக்கமே பார்க்கிறார்கள்! விகடச் சித்திரம் பழகுவோருக்கு நாம் கூறும் முதல் யோசனை இதுதான்: உங்கள் பழைய படங்களைப் பரப்பி வைத்து, அவற்றில் எது இல்லை என்று பாருங்கள். கை இல்லையா? நாளையிலிருந்து பத்து நாட்களுக்குக் கையை மாத்திரம் போடுங்கள். பாதம் இல்லையா? முதுகு இல்லையா? வலது பக்கம் திரும்பிய முகம் இல்லையா? எது இல்லையோ அதுவே அடுத்த பாடம்.

கை போடுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் விரல்களை மறந்துவிட்டு, கட்டை விரல் மாத்திரம் தனியாகவும் மற்ற நான்கும் சேர்ந்தும் இருக்கிற உறைபோல ஓர் உருவத்தைப் போடுங்கள். அந்த உறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதைப் பிடித்திருக்கிறது என்பது சரியாக வந்த பிறகு விரல்களைப் பிரியுங்கள். கையின் அளவு, மோவாயிலிருந்து நெற்றி மயிர் தொடங்கும் இடம் வரையில் உள்ள முகத்தின் அளவு. உங்கள் கையையே முகத்தில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். 1928-ஆம் வருஷத்தில் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் மிக்கி எலிக்குக் கட்டை விரலையும் சேர்த்து ஒவ்வொரு கையிலும் நான்கே விரல்கள். ஆயிரக் கணக்கான படங்களை வரைந்து அசைய வைக்க வேண்டியவர்களுக்கு ஒரு விரலைக் குறைப்பது பெரிய சிக்கனம். ஆனால் அவர்கள் ஐந்து விரல்களைப் போடத் தெரியாமல் நான்கு போடவில்லை. தெரிந்தவன் குறைப்பது ஒன்று. தெரியாதவன் ஒளிப்பது வேறு. விகடச் சித்திரக் கலை முழுவதும் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

பெரிய கண்களுக்குப் பின்னால்

பையன் காப்பி அடித்த அந்தப் பெரிய கண்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜப்பானில் ஒஸாமு தெஸூகா என்பவர் 1952-ஆம் வருஷத்தில் அணுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய சித்திரக் கதையை ஆரம்பித்தார். அக்கதை நாடெங்கும் புகழ் பெற்றது; இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் ஜப்பானியச் சித்திரப் பாணிக்கு அவரையே மூல புருஷராகச் சொல்லுகிறார்கள். அந்தப் பெரிய கண்களை அவர் டிஸ்னி முதலிய அமெரிக்கச் சித்திரக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு தம்முடையதாக மாற்றிக்கொண்டார்.

ஆனால் நம்முடைய பையன்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தெஸூகா சிறு பிராயத்தில் பூச்சிகளிடம் பித்துக் கொண்டவர். வண்டுகளையும் வண்ணத்துப் பூச்சிகளையும் பிடித்து, கால்களின் கணுக்களையும் இறக்கையின் நரம்புகளையும் பார்த்துப் பார்த்து வர்ணம் தீட்டி வைத்தவர். தம்முடைய பெயரை எழுதும்போது ஒரு வண்டின் பெயரை நினைவூட்டும்படி, 'பூச்சி' என்ற எழுத்தை அதில் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் வைத்தியக் கல்வியும் கற்றுத் தேர்ந்தார். வண்டின் காலை உள்ளபடி வரைந்த கைதான் பின்னால் அணுச் சிறுவனுடைய காலை நாலே கோட்டில் வரைந்தது. அந்த நாலு கோடு, பார்த்தது அத்தனையையும் வடிகட்டிய பிறகு மிஞ்சிய சாரம். அந்தச் சாரத்தை மாத்திரம் எடுத்துக் காப்பி அடிப்பவன், பிறர் மென்று துப்பிய கரும்பில் சாறு தேடுகிறவனுக்குச் சமானம்.

இதனால் பிறர் படங்களைப் பார்த்துப் போடவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பார்த்துப் போடாமல் கற்றவர் யாரும் இல்லை. அயல்நாட்டுப் பாணி என்று வெறுப்பதும் விவேகமாகாது. ஆனால் பார்த்துப் போடும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "இவர் எதை விட்டுவிட்டார்? ஏன் விட்டார்?" ஒரு படத்தைக் காப்பி செய்தால், அதே ஆளை வேறு பக்கம் திருப்பியும், உட்கார வைத்தும், ஓட விட்டும் மூன்று படங்கள் சொந்தமாகப் போட வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒரு வாரம் பழகினால், மறு வாரம் முற்றிலும் வேறான ஒருவரைப் பார்த்துப் பழக வேண்டும். அப்பொழுது பாணி என்பது பல வாசல்களில் ஒன்று என்பது விளங்கும்.

தலையும் தாலமும்

அடுத்தபடியாக அளவு. பையனுடைய உருவங்களில் தலை பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்தும் தேய்ந்தும் கொண்டிருந்தது. சித்திரக்காரர்கள் உச்சியிலிருந்து மோவாய் வரையில் உள்ள நீளத்தை ஒரு தலை என்று வைத்துக்கொண்டு உடம்பை அளக்கிறார்கள். வளர்ந்த மனிதன் சாதாரணமாக ஏழு அல்லது ஏழரைத் தலை உயரம் இருப்பான். வீர புருஷர்களை எட்டுத் தலை உயரமாகப் போடுவது வழக்கம். பிறந்த குழந்தையின் உயரம் நான்கு தலைதான். அதாவது அதன் உடம்பில் கால் பங்கு தலையே. பையன் விரும்பிப் போடும் குட்டி உருவங்களுக்கு இரண்டு அல்லது மூன்று தலை உயரம்.

இது நமக்குப் புதிய சாஸ்திரம் அன்று. நம்முடைய சிற்ப நூல்கள் முகத்தின் நீளத்தைத் 'தாலம்' என்று பெயரிட்டு, அதைப் பன்னிரண்டு அங்குலங்களாகப் பிரிக்கின்றன. இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. விக்கிரகம் பெரிதானால் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும். மும்மூர்த்திகளுக்கு உத்தம தச தாலம், அதாவது 124 அங்குலம் என்பது விதி. விநாயகருக்கோ ஐந்தே தாலம்! பெரிய தலை, குறுகிய கால், பருத்த வயிறு. இருந்தும் பிள்ளையாரைப் பார்த்து, "உடம்பு சரியாக அமையவில்லையே" என்று எந்தக் குழந்தையாவது சொன்னதுண்டா? ஏனென்றால், ஸ்தபதி தாம் எடுத்துக்கொண்ட ஐந்து தாலத்தைத் தலை முதல் கால் வரையில் தவறாமல் அனுசரித்திருக்கிறார். இயற்கையின் அளவிலிருந்து விலகலாம். தானே வைத்துக்கொண்ட அளவிலிருந்து விலகக் கூடாது. பழகுகிறவர்கள் ஒரு காகிதத்தில் தம்முடைய கதாநாயகனை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று விதமாக ஒரே உயரத்தில் போட்டு, தலை, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் வழியே குறுக்குக் கோடுகள் இழுத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். அதுவே அவர்களுடைய சிற்ப சாஸ்திரம்.

பெரிய தலையும் பெரிய கண்ணும் ஏன் மனத்தைக் கவருகின்றன என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் இதை ஆராய்ந்து எழுதினார். உயர்ந்த நெற்றி, தாழ்ந்த பெரிய கண், உப்பிய கன்னம் என்ற சிசுவின் லக்ஷணங்களைக் கண்டால் பெரியவர்களுடைய உள்ளத்தில் பரிவு தானாகச் சுரக்கிறது என்பது அவர் கருத்து. ஆகவே கண்ணை எவ்வளவு பெரிதாக்குவது என்பது, பார்ப்பவரிடத்தில் எவ்வளவு பரிவை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. குழந்தைக்குப் பெரிய கண் போடலாம். வட்டிக் கடைக்காரருக்கும் அதே கண்ணைப் போட்டால் யாரிடம் பரிவு கொள்வது?

முட்டை, சிலுவை, புருவம்

தலையை ஒரு முட்டையாகப் போடுங்கள். அதன் மேல், முகம் திரும்பியிருக்கும் பக்கமாக வளைந்து செல்லும் நெடுக்குக் கோடு ஒன்றும், கண் மட்டத்தில் குறுக்குக் கோடு ஒன்றும் இழுங்கள். முட்டையின் மேல் சுற்றிய நூல் எப்படி வளையுமோ, அப்படியே இந்தக் கோடுகளும் வளைய வேண்டும். வீட்டில் ஒரு முட்டையோ எலுமிச்சம் பழமோ எடுத்து மையினால் கோடு போட்டு, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். தலை குனிந்தால் குறுக்குக் கோடு கீழ் நோக்கி வளையும். நிமிர்ந்தால் மேல் நோக்கி வளையும். பழகுபவர்கள் கண்ணைப் பெரும்பாலும் நெற்றியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். வளர்ந்த மனிதனுடைய கண், உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் கண்ணாடிக்கு எதிரே நின்று அளந்து பார்க்கலாம்.

முகபாவத்துக்கு ஓர் அப்பியாசம். பத்து வட்டங்கள் போடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரியாகக் கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு நேர் கோடு. இப்போது புருவத்தை மாத்திரம் மாற்றுங்கள். உள்முனை தாழ்ந்தால் கோபம். உள்முனை உயர்ந்தால் துக்கம். இரண்டும் உயர்ந்தால் ஆச்சரியம். ஒன்று மாத்திரம் உயர்ந்தால் சந்தேகம். பிறகு புருவத்தை மாற்றாமல் வாயை மாற்றுங்கள். கோபப் புருவத்தின் கீழ்ச் சிரிக்கும் வாய் வந்தால் என்ன ஆகிறதென்று பாருங்கள். ஒரு வில்லன் பிறந்துவிடுவான்!

இந்த வித்தையை முதன்முதலில் முறையாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் நம்மைப் போல ஓர் உபாத்தியாயர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு. ஜினீவா நகரத்து ரோடால்ப் டாப்பர் என்பவர் 1799-இல் பிறந்து 1846-இல் காலமானார். ஓவியராக விரும்பினார், கண் நோய் தடுத்துவிட்டது. மாணவர் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியை நடத்தி வந்தார். ஓய்வு நேரத்தில் கிறுக்கிய வேடிக்கைக் கதைகள் சித்திரக் கதை என்ற கலைக்கே ஆரம்பமாயின. ஜெர்மானிய மகாகவி கெதே அவற்றைக் கண்டு பாராட்டினார். 1845-இல் டாப்பர் எழுதிய நூலில், ஒரு முகத்தின் மூக்கையோ வாயையோ சிறிது மாற்றினால் ஆளின் குணமே மாறுவதைப் படம் படமாகக் காட்டியிருக்கிறார். கண் நோயால் ஓவியத்தைக் கைவிட்டவர், கோட்டைக் கொண்டு மனித சுபாவத்தைத் தேடினார்.

நிழலைப் பாருங்கள்

உருவம் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய நமது நாட்டுத் தோற்பாவைக் கூத்தே போதிய பரீட்சை. விளக்குக்கு முன்னால் திரையில் விழும் உருவத்தின் விளிம்பே அங்கே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் உருவத்தின் உள்பாகம் முழுவதையும் மையினால் நிரப்பிவிடுங்கள். அவன் ஓடுகிறானா, கெஞ்சுகிறானா, தூங்குகிறானா என்பது அந்தக் கரிய நிழலிலிருந்தே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிரித்து வெளியே நீட்டுங்கள். உடம்பு போடும் முன்னால் தலையிலிருந்து பாதம் வரையில் ஒரே வீச்சில் ஒரு வளைவு போடுங்கள். ஓடுகிறவனுக்கு முன்பக்கம் சாய்ந்த வளைவு, சுமை தூக்குகிறவனுக்குப் பாரத்துக்கு எதிராகச் சாய்ந்த வளைவு. அந்த வளைவின் மேல் உடம்பைக் கட்டினால் உருவம் அசையும். நேர் குத்தாக ஆரம்பித்தால் எத்தனை கோடு போட்டாலும் கம்பம் கம்பமாகவே நிற்கும்.

சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பென்சிலும் வெள்ளைக் காகிதமும் போதும். திரையில் வரையும் கருவிகள் இன்று பல வீடுகளில் இருக்கின்றன, அவற்றையும் உபயோகிக்கலாம். ஆனால் போட்ட கோட்டை உடனே அழித்துக்கொள்ளும் வசதி ஆரம்பத்தில் ஓர் இடையூறு. தினம் பதினைந்து நிமிஷம் ரப்பரைத் தொடாமல் வரையுங்கள். பஸ் நிற்கும் இடத்திலோ கல்யாண வீட்டிலோ உட்கார்ந்து, ஓர் ஆளுக்கு ஒரு நிமிஷம் என்ற கணக்கில் பத்துப் பேரைப் போடுங்கள். ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் போட முடியாது. எதை விடுவது என்று கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

வரைவது கையா, கண்ணா?

தஞ்சாவூரில் 1924-இல் பிறந்து, கும்பகோணம் சித்திரப் பள்ளியில் பயின்று, 'ஆனந்த விகட'னில் பேச்சே இல்லாத ஹாஸ்யச் சித்திரங்களால் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தவர் ஸ்ரீ கோபுலு. முதிய வயதில் பக்கவாதத்தால் அவருடைய வலது கை செயலற்றபோது, இடது கையைப் பழக்கி வரையத் தொடங்கினார். 2015-இல் அவர் காலமானார். வித்தை வலது கையில் இருந்திருந்தால் அது அந்தக் கையோடு போயிருக்கும். அது கண்ணிலும் மனத்திலும் இருந்ததனால் மற்றொரு கை வழியாக வெளியே வந்தது. "எனக்குக் கை வராது" என்று சொல்லும் சிறுவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பெரியோர்கள் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு வேறொன்று. 1921-இல் மைசூரில் பிறந்த ஆர். கே. லக்ஷ்மணன், பள்ளிக்கூடத்தில் ஓர் அரசிலையை வரைந்தார். ஆசிரியர் அதைப் பாராட்டினார். தாம் ஒரு சித்திரக்காரர் ஆகப் போகிறோம் என்ற எண்ணம் அன்று தமக்கு உண்டானதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வளர்ந்த பிறகு பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் சேர விண்ணப்பித்தபோது, போதிய திறமை இல்லையென்று அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அதே பம்பாயில் 1951-இல் ஆரம்பித்து ஐம்பது வருஷங்களுக்கு மேலாக அவர் தினந்தோறும் போட்ட சிறு சித்திரத்தில், கட்டம் போட்ட கோட்டும் வேஷ்டியுமாக, வாய் திறவாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற 'சாமானிய மனித'னைத் தேசமே தன்னுடைய பிரதிநிதியாக ஏற்றுக்கொண்டது. ஒரு பெரிய கலாசாலையின் மறுப்பை அவர் தாங்கியதற்குச் சிறு பிராயத்து அரசிலை எவ்வளவு துணை செய்தது என்று யாரால் அளக்க முடியும்?

ஆகவே குழந்தையின் படத்தைப் பார்க்கும் பெரியோருக்கு நமது யோசனை மூன்று. முதலாவது, "பேஷ்" என்றும் "பொம்மை" என்றும் ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். இரண்டினாலும் குழந்தைக்கு ஒன்றும் தெரிவதில்லை. நன்றாக இருக்கும் ஓர் இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள். இரண்டாவது, ஒரு சமயத்துக்கு ஒரு குறையை மாத்திரம் சொல்லுங்கள். அதையும் கேள்வியாகச் சொல்லுங்கள். "கால் தப்பு" என்பதைக் காட்டிலும், "இவர் எந்தக் காலில் நிற்கிறார்?" என்பது மேலானது. மூன்றாவது, குழந்தையின் படத்தின் மேலேயே உங்கள் பென்சிலை வைத்துத் திருத்தாதீர்கள். திருத்திக் காட்ட வேண்டுமானால் பக்கத்தில் வேறு காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். நாம் செய்தது போலக் கிழித்தல் என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

ஒரு விஷயம் பாக்கி. விகடச் சித்திரம் என்பது கூர்மையான கருவி. மகாகவி பாரதியார், 1906-இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'இந்தியா' பத்திரிகையில் சித்திரங்களைப் பிரசுரித்து, அந்நிய ஆட்சியின் அநீதியை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்க வைத்தார். கேலி அங்கே வலியவரை நோக்கிப் பாய்ந்தது. நொண்டியின் காலையும் ஏழையின் கந்தலையும் பெரிதாக்கிச் சிரிப்பதற்குச் சித்திரம் வேண்டியதில்லை. கெட்ட மனம் ஒன்றே போதும். ஒருவனுடைய பிறவிக் குறையைப் பெரிதாக்காதீர்கள். அவன் தானாகப் பூண்டுகொண்ட வேஷத்தைப் பெரிதாக்குங்கள். சுண்ணக்கட்டியைச் சுருட்டுப் போலப் பிடித்து அதிகாரம் செய்த உபாத்தியாயரை வரைந்த பையனுக்கு அந்த நியாயம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. தோளை மாத்திரம் மன்னித்திருக்கலாம்!

வந்த பையனிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "உன் கோடு தயங்காமல் ஓடுகிறது, அது எல்லோருக்கும் வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரையில் கை மாத்திரம் போடு. உன் வீட்டில் உள்ளவர்களுடைய கை." தாயாரிடம், நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்றும், கணக்கு நோட்டைக் கணக்குக்கே விட்டுவிட்டு இதற்குத் தனி நோட்டு வைத்துக்கொண்டது பையனுடைய நியாய புத்தியைக் காட்டுகிறது என்றும் கூறினோம். சோறு போடுமா என்று அந்த அம்மையாரும் கேட்டார். அது நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டோம். பதினெட்டு வருஷங்களுக்கு முன்பு அது நமக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

இன்று காலையில் பையன் வந்தான். இந்தத் தடவை வாசற்படியில் நிற்கவில்லை. நோட்டில் பதினேழு கைகள் இருந்தன. பெரும்பாலானவை கை உறைகள். சில, வாழைப் பழச் சீப்புக்கள். ஆனால் ஒரு பக்கத்தில், முறத்தின் விளிம்பைப் பிடித்து அரிசி புடைக்கும் இரண்டு கிழக் கைகள். கணுக்கள் புடைத்து, ஒரு விரல் மாத்திரம் மடங்காமல் விறைத்து நின்றது.

"இந்த விரல் ஏன் இப்படி நிற்கிறது?" என்று கேட்டோம்.

"பாட்டிக்கு அந்த விரல் மடங்காது, ஸார். ரொம்ப நாளாகவே அப்படித்தானாம். எனக்கு இந்த வாரந்தான் தெரியும்" என்றான்.